மடக்கினால் பெட்டி, விரித்தால் வீடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கோடை விடுமுறை நாட்களில் சில கார்களின் பின்னால் இடுப்புயரத் தட்டைப் பெட்டி ஒன்று இரண்டு சக்கரத்தில் உருண்டு போகும். ஏதோ சரக்கு போகிறது என்றுதான் முதலில் தோன்றும். முகாம் மைதானத்தில் போய் நின்றதும் அதன் ஒரு முனையில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். மூடி அப்படியே மேலே எழும்பும். இரு பக்கமும் பலகைகளை வெளியே இழுத்தால் இரண்டு கட்டில்கள். நடுவில் மேசை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் கித்தான் சுவர், வலை ஜன்னல். சிறிது நேரத்தில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் வீடு தயார். பாப்-அப் கேம்பர் என்று அதைக் கூப்பிடுவார்கள்.

மடங்குவதுதான் இதன் வசதி, அதுவேதான் இதன் சீக்கு. மற்ற வீடுகளில் அசையாமல் நிற்கிற கூரை, சுவர், மூலை எல்லாமே இதில் அசைகின்றன. அசைகிற இடம் தேயும். மடிகிற இடம் நையும். இரண்டு பொருள்கள் சேர்கிற இடத்தில் தண்ணீர் இறங்கும். இது 1970லும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் எது தேய்கிறது, யார் அதைச் சரிசெய்கிறார்கள், சரிசெய்ய முடிகிறதா என்பதெல்லாம் தலைகீழாக மாறிவிட்டன. பழைய பாப்-அப் ஒன்றை வாங்கலாமா என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமாகப் படும்: மிகப் பழையதாக இருந்தால் யோசிக்கலாம், நடுவயதுக்காரனிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்த வண்டிகள் பெருகிய காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 1956இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் போகும் அகலச் சாலைகள் வந்தன. நடுத்தரக் குடும்பத்திடம் நீளமான ஸ்டேஷன் வேகன் கார் இருந்தது; குழந்தைகள் இருந்தார்கள்; ஓட்டல் அறைக்குச் செலவழிக்கப் பணம்தான் இல்லை. மிச்சிகனின் லபீர் ஊரிலிருந்து அப்பாச்சி என்ற பெயரில் கூடார வண்டிகள் வந்தன. இந்தியானாவின் கோஷன் ஊர் ஸ்டார்கிராஃப்ட் நிறுவனமும் இந்தத் தொழிலில் இறங்கியது. விளக்குக்கும் முகாம் அடுப்புக்கும் பெயர்பெற்ற கோல்மன் நிறுவனம் 1967இல் பென்சில்வேனியாவின் சோமர்செட்டில் இதற்கென்றே ஆலை போட்டது. அடுத்த ஆண்டு இந்தியானாவின் மிடில்பரியில் லாய்ட் பான்ட்ரேகர் என்பவர், கைப்பிடியால் கூரையை உயர்த்தும் தன் சொந்த ஏற்பாட்டை நம்பி, பண்ணையிலிருந்த கோழிக்கொட்டகையிலும் களஞ்சியத்திலுமாக ஜேகோ நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பு வந்த பல வண்டிகளில் கூரையை ஆள் பிடித்துக் கையால் தூக்கி, மூலைக்கு மூலை குழாயை நட்டு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைய வண்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மர்மம் எதுவும் கிடையாது. அடியில் இரும்புச் சட்டம். மேலே மரச் சட்டமும் ஒட்டுப்பலகையும். வெளியே அலுமினியத் தகடு. சுவருக்குப் பருத்திக் கித்தான். ஒவ்வொன்றும் பக்கத்து ஊர் இரும்புக்கடையிலும் மரக்கடையிலும் கிடைக்கும். தகடு கிழிந்தால் இன்னொரு தகட்டை வைத்து ரிவெட் அடிக்கலாம். பலகை உளுத்தால் அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். செய்தவர்கள் நினைத்திருந்தார்களோ இல்லையோ, அந்த வண்டி பழுதுபார்ப்பதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது.

பருத்திக் கித்தானுக்குப் பழக்கம் வேண்டும். புதுக் கித்தானை முதல் பயணத்துக்கு முன்பு வீட்டு வாசலில் விரித்து, குழாய்த் தண்ணீரால் நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும். நனைந்த நூல் உப்பி, தையல் ஊசி போட்ட துளைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாதவர்கள் முதல் மழையில் தையல் வழியே சொட்டுவதைப் பார்த்து, விற்றவனைத் திட்டுவார்கள். மழை பெய்யும்போது உள்ளிருந்து சுவரில் கைபடக் கூடாது என்று குழந்தைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு இருக்கும்; விரல் பட்ட இடத்தில் நீர் உள்ளே கசிய வழி கிடைத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, ஈரத்தோடு மடக்காதே என்பது. மழையில் முகாம் முடிந்தால் வேறு வழியில்லை, மடக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த கையோடு திரும்ப விரித்துக் காயவைக்க வேண்டும். ஈரக் குடையை மடக்கி மூலையில் வைத்து மறந்துபோனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். இரண்டு மூன்று நாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூக்கத் தொடங்கிவிடும். பூத்த பிறகு அதைப் போக்கப் பிளீச்சிங் நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. கறை போகும், கூடவே நூலின் வலுவும் போகும். வெள்ளையாக இருக்கிறதே என்று மகிழ்ந்த கித்தான் அடுத்த காற்றில் தையலோரமாகக் கிழியும்.

அக்காலத்தில் இதெல்லாம் குடும்ப வேலை. ஜிப்பின் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது, சக்கர பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸை வழித்துப் புதிது திணிப்பது, கூரையின் ஓர இணைப்பில் பசை பூசுவது எல்லாம் இளவேனிலின் முதல் சனிக்கிழமை வாசலிலேயே நடக்கும். வண்டியும் ஓடிக்கொண்டே இருந்தது. அடிக்கடி விரிப்பதால் எங்கே ஒழுகுகிறது என்பது உடனுக்குடன் தெரிந்துபோகும்.

இப்போது கூரையைத் தூக்கும் இயந்திரத்துக்கு வருகிறேன். பாப்-அப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. வயதானால் முதலில் முனகுவதும் இதுதான். பரவலான ஒரு முறையில், கைப்பிடியைச் சுழற்றினால் வின்ச் உருளையில் இரும்பு வடம் சுற்றிக்கொள்ளும். அந்த வடம் தரைக்கடியில் ஒரு குறுக்குக் கம்பியை இழுக்கும். குறுக்குக் கம்பியிலிருந்து நான்கு வடங்கள் கப்பிகளைச் சுற்றி நான்கு மூலைக்கும் போகும். அங்கே குழாய்க்குள் கிடக்கும் நீளமான விறைத்த சுருள்வில் மேல்நோக்கித் தள்ளப்படும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தூண்கள் நீண்டு கூரையை ஏந்தும். ஒரே கை சுழற்ற நான்கு மூலையும் ஒன்றாக எழும்ப வேண்டும் என்பது கணக்கு.

வயதானால் இந்தக் கணக்கு பிசகும். ஒரு மூலை பின்தங்கும். கூரை ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளாக நிற்கலாம். கப்பி துருப்பிடித்துச் சுழலாமல் போக, வடம் அதன் மேல் அரைத்துக்கொண்டு போகலாம். சுருள்வில் குழாய்க்குள் மடங்கியிருக்கலாம். பெரும்பாலும் காரணம் எண்ணெய் காணாத குழாய்தான். ஆனால் நல்லெண்ணத்தோடு எண்ணெய்க்குப்பியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வின்ச்சுக்குள்ளும் ஊற்றிவிடுவது உண்டு. பல வின்ச்சுகளில் உராய்வுத் தகடுகளால் ஆன பிரேக் உள்ளே இருக்கிறது. கைப்பிடியை விட்டதும் கூரை கீழே விழாமல் பிடித்து வைப்பது அதுதான். அதில் கிரீஸ் பட்டால் பிடி வழுக்கும், தலைக்கு மேலே கூரை இறங்கும். வடத்திலோ வின்ச்சிலோ கைவைக்கும் முன் நான்கு மூலையிலும் தடித்த மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

இயந்திரம் பெரும்பாலும் அதேதான், சுமைதான் மாறிவிட்டது. 1970இல் கூரை வெறும் கூரை. பிறகு அதன் மேல் ஏசி இயந்திரம் ஏறியது. அதன் எடை 35 முதல் 45 கிலோ. சைக்கிள் மாட்டும் கம்பிகள், சரக்குப் பெட்டி, இப்போது சூரியத் தகடு. எல்லாம் அந்த நான்கு மெல்லிய தூண்களின் தலையில். ஏசி கூரையின் நடுவில் அழுத்த, உயர்த்திய நிலையில் கூரை நடுவில் தொய்ந்து, மழைநீர் அங்கே குளமாக நிற்கும். கைப்பிடி கனக்கிறது என்று மின்மோட்டார் பொருத்தினார்கள். கையால் சுழற்றியபோது வடம் எங்கோ சிக்கினால் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. மோட்டாருக்கு அது தெரியாது, அறுகிறவரை இழுக்கும்.

கூரையின் கதை இதைவிட மோசம். பழைய கூரை மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு. ஓரங்களில் இணைப்பு இருந்தது, இணைப்பில் ஒழுகியது. ஆண்டுக்கு ஒருமுறை பசை பூச வேண்டிய தொல்லை. இதைத் தீர்ப்பதற்காக 1990களின் பிற்பகுதியில் ஒரே வார்ப்பாக, இணைப்பே இல்லாத பிளாஸ்டிக் கூரைகள் வந்தன. ஏபிஎஸ் என்ற வகை. வழவழப்பு, பளபளப்பு, ஒழுகும் இணைப்பு கிடையாது. விற்பனைக் கூடத்தில் பார்த்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஏபிஎஸ் வெயிலில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். மூன்றரை மீட்டர் நீளக் கூரை, பனிக்கால இரவிலிருந்து கோடை நண்பகல் வரை ஐம்பது டிகிரி வித்தியாசத்தைப் பார்த்தால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அடியில் அதைத் திருகாணியும் பசையும் பிடித்திருக்கின்றன. நீள இடமில்லாத பிளாஸ்டிக் மூலைகளிலும் திருகுத் துளைகளிலும் வெடிக்கிறது. சூரிய ஒளி வேறு ஆண்டுக்காண்டு அதை நொறுங்கு பதத்துக்குக் கொண்டுவருகிறது. வெடிப்பு மயிரிழையாகத் தொடங்கும். உள்ளே இறங்கிய நீர் அடியிலிருக்கும் மரத்தை நனைக்கும், மரம் இற்றுப்போகும், வெளியே பார்த்தால் கூரை இன்னும் பளபளவென்றுதான் இருக்கும்.

இந்த வெடிப்பை அடைக்க வண்டிக்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான். அந்தக் கட்டைகளை அசிட்டோனில் ஊறப்போட்டால் கரைந்து கூழாகும். வெடிப்பின் முனை மேலும் ஓடாமலிருக்க அங்கே சிறு துளை போட்டு, கூழைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, மேலே சரக்கு லாரிகளின் தட்டுக்குப் பூசும் ரப்பர் தன்மையுள்ள வண்ணத்தை அடிப்பார்கள். அடிப்படைக் காரணம் அப்படியேதான் இருக்கும், கூரை நீளவும் சுருங்கவும் செய்யும். ஆனால் மேலே பூசிய படலம் கூடவே இழுபடும். வெள்ளைக் கட்டைகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கூரையில் சிவப்பு வடு தெரியும்.

கடையில் கிடைக்கிற சிலிக்கான் பசையைப் பிதுக்கிவிடுகிறவர்களும் ஏராளம். பழைய பாப்-அப் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். சிலிக்கான் காலப்போக்கில் ஓரம் பெயரும். பெயர்ந்த இடத்தில் அதன் மிச்சம் ஒட்டியிருக்கும்வரை வேறு எந்தப் பசையும் பிடிக்காது. சுரண்டி எடுப்பது நாள் முழுக்க வேலை. பியூட்டைல் நாடாவும் கூரைகளுக்கென்றே உள்ள பசையும் இருக்கும்போது, கையில் கிடைத்ததைப் பூசியவர் வண்டியின் ஆயுளில் சில ஆண்டுகளைக் குறைத்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கித்தானிலும் இதே மாற்றம் நடந்தது. பருத்தியின் இடத்தை வினைல் பூச்சுத் துணிகளும் அக்ரிலிக் துணிகளும் பிடித்தன. வட கரோலினாவின் கிளென் ரேவன் நிறுவனத்தின் சன்பிரெல்லா துணி நூலிலேயே நிறம் ஊறியது. வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. நல்ல துணி, அதில் சந்தேகமில்லை. வினைல் பூச்சு அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிவதால் மடிப்பும் மடிப்பும் குறுக்கிடும் புள்ளியில் பூச்சு உதிரும். பகலில் கட்டிலில் படுத்து மேலே பார்த்தால் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும். பருத்தியின் துளை நனைந்தால் தானே உப்பி அடைந்தது; இது ஆண்டுக்காண்டு பெரிதாகும். ஜன்னலின் தெளிந்த வினைல் தாள் மஞ்சளித்து விறைத்து, குளிர்நாளில் அவசரமாக மடக்கினால் கண்ணாடிபோல் உடையும்.

சுவர் என்ன துணியாக இருந்தாலும் கரடிக்கு அது துணிதான். அதனால்தான் கரடிகள் நடமாடும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டுமே இடம். பாப்-அப்புக்கு அனுமதி இல்லை.

சாலையும் மாறிவிட்டது. எண்ணெய் நெருக்கடியையொட்டி 1974இல் அமெரிக்கா முழுவதும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று சட்டம் வந்தது. பாப்-அப்பின் சின்னச் சக்கரங்களுக்கு அது பொருத்தமான வேகம். சின்னச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் அதிக முறை சுழல வேண்டும். டயரும் பேரிங்கும் அந்த அளவுக்குச் சூடேறும். 1995இல் அந்தத் தேசிய வரம்பு நீங்கியது. இன்றைய பெரிய எஸ்யூவிக்குப் பின்னால் ஒரு டன் எடை இருப்பதே ஓட்டுநருக்கு உறைக்காது, மணிக்கு 120 கிலோமீட்டரில் போவார். பின்னால் சுழல்கிறதோ பத்தாண்டுப் பழைய டயர். தேயாத டயர், பொத்தான் பொத்தானாக மேடுகள் அப்படியே இருக்கும், பார்க்கப் புத்தம் புதிது. ஆனால் பக்கவாட்டில் ரப்பர் மெல்லிய பிளவுகளாக வெடித்திருக்கும். டயரின் வயதை அதிலேயே நான்கு இலக்கமாக அச்சடித்திருப்பார்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டு கடந்த டிரெய்லர் டயரை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுவதே நல்லது.

டயரில் நடப்பதுதான் இன்றைய பாப்-அப் முழுவதிலும் நடக்கிறது. அன்று அது ஓடித் தேய்ந்தது. இன்று நின்று கெடுகிறது. குழந்தைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகு கொல்லையில் தார்பாய்க்கடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. எலி மெத்தையைக் குதறிக் கித்தான் மடிப்புக்குள் கூடு கட்டும். சிலந்தியும் மண்குளவியும் எரிவாயு அடுப்பின் குழாயை அடைத்துக்கொள்ளும். அப்போது சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாகக் கரி கக்கும், மூடிய இடத்தில் அது கார்பன் மோனாக்சைடு ஆபத்து. வாயுக் கசிவை எச்சரிக்கும் கருவிக்கே ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுதான் என்பது பலருக்குத் தெரியாது. விளக்கு எரிகிறது, அதனால் வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

வசதிகள் கூடக்கூட நின்று கெடும் இடங்களும் கூடின. அன்று ஐஸ்கட்டி போட்ட பெட்டி. அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. பிறகு எரிவாயுவிலும் ஓடும் குளிர்பெட்டி வந்தது. 1922இல் சுவீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் கண்டுபிடித்த, நகரும் பாகமே இல்லாத அந்த முறை. அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் வண்டி சமமாக நிற்காவிட்டால் உள்ளே திரவம் ஓடாமல் தேங்கிச் சூடேறிக் கெடும். அன்று கையால் அடிக்கும் சின்னப் பம்பும் ஒரு தண்ணீர்க் கேனும் இருந்தன. இன்று வெந்நீர்க் கொதிகலன், குளியல் குழாய், மின்பம்பு. குளிர்காலத்துக்கு முன் அத்தனை குழாயையும் வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரை ஓட்டி வைக்க வேண்டும். ஒரு வளைவில் தண்ணீர் தங்கிவிட்டாலும் அது உறைந்து குழாயைப் பிளக்கும். வசந்தத்தில் குழாயைத் திறந்து, தரைப்பலகை நனையும்போதுதான் அது தெரியவரும்.

பாகங்கள் வேண்டுமென்றால் எங்கே போவது? கோல்மனின் பாப்-அப் பிரிவு 1989இல் ஃபிளீட்வுட் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபிளீட்வுட் 2009இல் திவாலானது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் சோமர்செட்டில் உற்பத்தியும் நின்றுவிட்டது. வேறு நிறுவனங்களும் லாபம் கூடுதலான கெட்டிச் சுவர் வண்டிகளின் பக்கம் திரும்பின. 1972ஆம் ஆண்டு வண்டிக்காரருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அவருக்குத் தேவை பலகை, தகடு, கித்தான், கொஞ்சம் இரும்பு வடம். 1999ஆம் ஆண்டு வண்டிக்காரருக்குத்தான் சிக்கல். ஒரே வார்ப்பான கூரைக்கு இரண்டாவது கூரை கிடையாது. அந்த மாதிரிக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் மூலைத்துண்டு, கதவுக் கொண்டி, கட்டில் தாங்கும் பிடி எல்லாம் வேறொரு செத்த வண்டியிலிருந்து கழற்றி எடுத்தால்தான் உண்டு.

2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் விமானமும் ஓட்டலும் பயமாகிப்போனபோது கொல்லையில் கிடந்த பாப்-அப்கள் திடீரென்று மவுசு பெற்றன. உள்ளே எல்லாவற்றுக்கும் வெள்ளை வண்ணம் அடித்து, குட்டி விளக்குச் சரம் தொங்கவிட்டு, புது மெத்தை உறை போட்டுப் படம் எடுத்துப் போடுவது ஒரு பழக்கமானது. பார்க்க அழகுதான். வாங்குகிறவருக்கு என் பரிந்துரை: ஒரு திருப்புளியின் பின்முனையால் தரையின் மூலைகளையும் கதவடியையும் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை ‘டக்’ என்று ஒலிக்கும். உளுத்த பலகை சத்தமில்லாமல் உள்வாங்கும். கூரையை இருமுறை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். விற்பவர் கைப்பிடியைத் தேட ஆரம்பித்தால் காரணம் இருக்கும். கித்தானை முழுக்க விரிக்காமல் ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்கிற வண்டியை விட்டுவிடலாம்.

விலைப்பேரம் கடைசியில் கித்தானில்தான் முட்டி நிற்கும். அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் இன்னும் சில இருக்கின்றன. ஆனால் முழுச் சுவரும் புதிதாகத் தைக்க ஆகும் பணம் பல பழைய வண்டிகளின் சந்தை விலையைத் தாண்டிவிடும். சிலர் பிடித்துப்போய்ச் செலவழிக்கிறார்கள். சிலர் வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஊசிகளை உடைத்துக்கொண்டு தாங்களே தைக்கிறார்கள். மற்றவர்கள் கூரை, தூண், பெட்டி எல்லாவற்றையும் அறுத்துக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய இரும்புச் சட்டத்தின் மேல் நான்கு பலகை அடித்து விறகும் உதிர்சருகும் ஏற்றுகிறார்கள். அந்தச் சட்டம் அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடுகிறது, பேரிங்குக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்.